நாற்பத்தோராம் நாள் உப்பு

நான் நத்தை வளர்த்தேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஆசைப்பட்டு வளர்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு நத்தையைக் கண்டாலே ஆகாது. இன்றைக்கும் ஆகாது. மழை விட்ட சாயங்காலத்தில் வாசல் சிமெண்டில் ஒன்று ஊர்ந்து வந்தால் செருப்பால் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போவேன். அப்படிப்பட்டவள் வீட்டுக்குப் பின்னால் முந்நூறு நத்தையை அடைத்து வைத்து, கீரை நறுக்கிப் போட்டு, முட்டை ஓடு இடித்துப் போட்டு, பிறகு அதையே வேகவைத்து ஒரு மனுசனுக்குத் தினமும் தட்டில் வைத்தேன் என்றால் அதற்குக் காரணம் அந்த மனுசன்தான்.

அந்த மனுசன் என் கணவர். ரந்தாவுக்குப் பக்கத்தில், பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். வெட்டிப் போட்ட குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. காலையில் ஏறினால் மத்தியானம் வரைக்கும் அந்த இரும்பு இருக்கையில் குலுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் சிரம்பான் டவுனை ஒட்டிய ரஹாங்கில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்து மூன்று வருசம் ஆகிறது. தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு எடுக்கிறேன். "டீச்சர், உங்க வீட்டுல நெறைய சிப்புட் பாபி இருக்காமே" என்று ஐந்து வயதுப் பிள்ளைகள் என்னைக் கேட்கும். பன்றி நத்தை என்று மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் அது. அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டேதான் நான் அவர்களுக்கு அகர வரிசை சொல்லிக் கொடுத்தேன்.

பக்கத்து வீடு என் நாத்தனாருடையது. கணவரின் தங்கை. கல்யாணமாகி ஒரே வருசத்தில் திரும்பி வந்தவள், அப்புறம் எங்கேயும் போகவில்லை. தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்தாள், கறுப்புப் பைகளில் செம்பனைக் கன்று வளர்க்கிற இடம் அது. எனக்கும் அவளுக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. என் முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சிரம்பான் மகாராணி' என்பாள். நான் அவளை என்னவென்று சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது. அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அதைத் தினமும் ஒரு தடவையாவது என் காதில் விழும்படி சொல்லிவிடுவாள்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் துணி துவைக்கும்போதுதான் கண்டேன். அவருடைய காக்கிக் கால்சட்டையில் ரத்தம். கேட்டதற்கு மூலம் என்றார். கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். அவர்கள் கடிதம் எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பெண் டாக்டர், சின்ன வயசு, மரியாதையாகப் பேசினாள். மூலம் மாதிரித் தெரியவில்லை, உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றாள். ஒரு நாள் குறித்துக் கொடுத்தாள்.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே போய் நம்பர் வாங்கி உட்கார்ந்தோம். எங்கள் நம்பருக்கு இன்னும் மூன்று பேர் இருக்கும்போது கழிவறைக்குப் போய்வருகிறேன் என்று எழுந்தார். வரவில்லை. நம்பர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, எங்கள் நம்பர் வந்து, மின்னி, போய்விட்டது. வெளியே தேடினால் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அந்தப் புள்ளைக்கு நம்ம மக வயசு இருக்கும்" என்றார். "அது முன்னால நான் எப்படிக் குனிஞ்சு நிக்கறது?"

"ஆம்பள டாக்டரக் கேப்போம்."

"எவனா இருந்தா என்ன? நான் வரல. வண்டிய எடு."

மூன்று நாள் நான் பேசவில்லை. நான்காம் நாள் அவர் கைப்பேசியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மண்டலம் விடாமல் நத்தைக் கறி சாப்பிட்டால் மூலம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளை என் கையில் கொடுத்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"நாப்பத்தெட்டு நாள்" என்றார். "ஒரு நாள் விடாம சாப்பிடறேன். அதுக்கப்புறமும் ரத்தம் வந்துச்சுன்னா நீ சொல்ற எடத்துக்கு வரேன். குழாய விடட்டும், கம்பிய விடட்டும்."

"சத்தியமா?"

"சத்தியமாலா. ஆனா இந்தப் பேச்சு என் தங்கச்சி காதுக்குப் போகக் கூடாது. ஒப்பாரி வெச்சு ஊரக் கூட்டிருவா."

நான் ஒத்துக்கொண்டேன். அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேசியிருக்கலாம். மகளைப் பினாங்கிலிருந்து வரச் சொல்லியிருக்கலாம், அவள் ஒரு சொட்டு அழுதால் போதும், மனுசன் கரைந்துவிடுவார். நான் எதையும் செய்யாமல் பேரம் பேசினேன். நாற்பத்தெட்டு நாளில் அவர் வாயாலேயே தோற்றேன் என்று சொல்ல வைப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இருபத்து மூன்று வருசமாக அந்த வாயிலிருந்து அது வந்ததில்லை.

தோட்டத்து நத்தையை அப்படியே பிடித்துச் சமைக்க முடியாது. நாற்றுப் பண்ணையில் கன்றுகளைத் தின்கிறது என்று நத்தைக்கு நீல நிறத்தில் விஷ உருண்டை போடுவார்கள். அதைத் தின்றுவிட்டு எது எங்கே ஊர்ந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? இவர் அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்றார். ஒன்றும் ஆகாது என்பது இவருடைய குலதெய்வம். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பிடித்து வந்து அடைத்துப் போட்டு, இரண்டு வாரம் நல்ல தீனி கொடுத்து, வயிறு சுத்தமான பிறகுதான் சட்டிக்குப் போகும், சம்மதமென்றால் சரி. அப்படித்தான் நான் நத்தைப் பண்ணைக்காரி ஆனேன்.

பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பாதியாக அறுத்து, மண் போட்டு, மேலே கறுப்பு வலையைக் கட்டினார். மழைக்காலம், செம்பனை ஓலை அடுக்கின் கீழே கையை விட்டால் போதும். இரண்டே சாயங்காலத்தில் முந்நூறு. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். தொட்டிக்குப் பக்கத்தில் போனால் கேட்கும், முந்நூறு வாயும் இலையை அரைக்கிற சத்தம். பப்பாளி இலை, சாவிக் கீரை, வெள்ளரித் தோல், எதைப் போட்டாலும் விடிவதற்குள் காணாமல் போய்விடும். வலையின் ஓட்டையைக் கண்டுபிடித்து ஒன்றிரண்டு எப்படியும் வெளியே வந்துவிடும். ஒருநாள் காஸ் குழாயின் மேல். ஒருநாள் பள்ளிக்குக் கொண்டுபோகிற என் கோப்பின் மேல், அட்டையில் பாதியைத் தின்றுவிட்டு. மண்ணைக் கிளறினால் முட்டை, ஜவ்வரிசியைக் கொட்டிவைத்த மாதிரி. அந்த வருசம் பொங்கலுக்கு நான் பாயசம் வைக்கவில்லை.

சமைப்பது அதைவிடக் கொடுமை. முதல் நாளே ஆறு நத்தையைத் தொட்டியிலேயே ஒரு மூலையில் தனியாக அடைத்துப் பட்டினி போட வேண்டும். மறுநாள் கொதிக்கிற தண்ணீரில் நெடுநேரம் விட்டு, முள்கரண்டியால் குத்தி இழுத்து, கறுப்பாகச் சுருண்டு வருகிற குடலை அறுத்து எறிந்து, உப்பும் புளியும் போட்டுப் பிசைய வேண்டும். நுரை வரும். கழுவி மறுபடி பிசைந்தால் மறுபடி நுரை. நான்கு தண்ணீர் மாற்றினால்தான் வழவழப்புப் போகும். அப்புறம் இன்னொரு தடவை வேகவைத்து, சின்ன வெங்காயம், இஞ்சி, நிறைய மிளகு, கறிவேப்பிலை போட்டுச் சுருள வதக்கி வைப்பேன். அதற்கென்று ஒரு தனிச் சட்டி. அந்தச் சட்டி வீட்டுக்குள் வந்ததே இல்லை, பின்பக்கத்து ஆணியிலேயே தொங்கியது.

பத்தாம் நாளோ என்னவோ, நீயும் ஒரு துண்டு தின்னு பார்க்கலாம் என்று தட்டை நீட்டினார். பயமா என்று வேறு கேட்டார். வாங்கி வாயில் போட்டு, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே மென்றேன். ருசியாக இருந்தது. மிளகு பிடித்துச் சின்ன இறைச்சித் துண்டு மாதிரி, கொஞ்சம் ரப்பராக, ஆனால் ருசியாக. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்க் கை கழுவினேன்.

பள்ளி நாள்காட்டியில் தினமும் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தேன். துணி துவைக்கும்போதும் பார்த்துக்கொண்டு வந்தேன். ரத்தம் நிற்கவில்லை. இருபதாம் நாளும் இருந்தது, முப்பதாம் நாளும் இருந்தது. அவருக்கும் தெரியும். காக்கியை விட்டுக் கறுப்புக் கால்சட்டைக்கு மாறியிருந்தார், அதை நான் கவனிக்க மாட்டேன் என்று நினைத்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தைந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, நாற்பத்தெட்டு முடிந்த அடுத்த வாரத்துக்கு நாள் வாங்கி வைத்தேன். சண்டையில் ஜெயிக்கப் போகிறவளுக்கு இருக்கிற நிதானம் எனக்கு இருந்தது.

நாத்தனார் அந்த நாட்களில் எங்கள் பின்பக்கத்துக்கு அடிக்கடி வந்தாள். தொட்டியை எட்டிப் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள். "நல்லாத்தான் வளர்க்கறீங்க அண்ணி" என்பாள். அந்தக் குரலில் இருந்த கசப்பைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். நான் எதைத் தொட்டாலும் அவளுக்குப் பொறாமைதான் என்று அவளுக்கு நான் ரொம்ப நாளைக்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

நாற்பத்தோராம் நாள் அமாவாசை. பொழுது சாய்கிற நேரத்தில் அவள் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்தாள். அண்ணனைப் பின்பக்கம் வந்து கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னாள். "ஊர்ப்பட்ட கண்ணும் இந்தத் தொட்டி மேலதான். சுத்திப் போடறேன், நில்லுங்க" என்றாள். கல் உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு. அவர் தலையை மூன்று தடவை சுற்றினாள். பிறகு தொட்டியைச் சுற்றி நடந்தாள், அதுவும் மூன்று தடவை. நான் அடுப்படி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திருஷ்டி கழித்தால் அடுப்பிலோ முச்சந்தியிலோ கொண்டுபோய்ப் போடுவார்கள், இவளும் அப்படித்தான் போவாள் என்று நினைத்து உள்ளே திரும்பினேன். அடுப்பில் அன்றைய ஆறு நத்தை கொதித்துக்கொண்டிருந்தது.

காலையில் பப்பாளி இலையோடு போனால் வலைக்கு மேலே நுரை நிற்கிறது. மண்ணே தெரியவில்லை. மஞ்சளும் பச்சையுமாகக் கொழகொழவென்று ஏதோ பொங்கி வழிந்து, அதில் மிளகாயும் கடுகும் மிதந்தன. ஓட்டைத் தூக்கினால் உள்ளே இருந்தது நீராக வடிந்தது. ஒரு பிடி உப்பு இல்லை அது. முழுப் பொட்டலம் போட்டிருந்தாள். ஐம்பதுக்கும் மேலே பெரிய நத்தை மிச்சம் இருந்தது, இன்னும் ஏழு நாளைக்குத் தாராளமாகப் போதும். ஒன்றுகூட இல்லை.

நான் அவள் வீட்டு வாசலில் போய் நின்று பேசினதை அந்த வரிசையில் இருக்கிற எல்லாருமே கேட்டார்கள்.

"உப்பு பட்டா நத்தை செத்துரும்னு என்கிட்டப் படிக்கற அஞ்சு வயசுப் புள்ளைக்குத் தெரியும்டி. இருபது வருசமா நர்சரில கெடக்கற, உனக்குத் தெரியல?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நல்லதுக்குத்தான் பண்ணேன் அண்ணி" என்றாள். அவ்வளவுதான். எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகப் பேசுகிறவள் வாயை மூடிக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் ஏற்றிவிட்டது. முட்டாள் என்றேன். வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்றேன். வாழ்ந்த லட்சணத்தையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் அவர் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ஒரு நிம்மதி. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"மண்டலம் முறிஞ்சு போச்சு" என்றார்.

"நாப்பத்தோரு நாள் தின்னது பத்தாதா? ரத்தம் நிக்கலன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"மருந்துன்னா மருந்துலா. நடுவுல விட்டா மொதல்லேருந்துதான். பேச்சு பேச்சுதான?"

அன்று பள்ளி முடிந்ததும் சிரம்பான் பாசாருக்குப் போய், தேங்காய்ப் பாலில் போட்டுச் சமைப்பார்களே, சிப்புட் செடுட், அந்த ஆற்று நத்தையை வாங்கி வந்தேன். மிளகு போட்டு வதக்கித் தட்டில் வைத்தேன். மனுசன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். கருப்பாக, கூராக, சுண்டுவிரல் அளவு.

"இது ஆத்து நத்தை. இது சேராது."

தட்டைத் தூக்கி அவர் முன்னாலேயே குப்பையில் கொட்டினேன். ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்த நாளைப் போன் போட்டு நான்தான் ரத்து செய்தேன். போன் எடுத்த பெண் வேறு நாள் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரமே எங்கள் இரண்டு வீட்டுப் பின்பக்கத்துக்கும் நடுவே தகரம் அடிக்கச் சொன்னேன். ஆள் உயரம். இவர் வேண்டாம் என்றார். நான் அடித்தே தீர வேண்டும் என்றேன். அவள் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசித் தகரம் ஏறுகிற வரைக்கும்.

அப்புறம் வெயில். தை பிறந்ததிலிருந்து மூன்று மாதம் சொட்டு மழை கிடையாது. மண் வெடித்துக் கிடந்தது. நத்தை எல்லாம் ஓட்டை மூடிக்கொண்டு எங்கேயோ மண்ணுக்குள் போய்விட்டது. ஓலை அடுக்கைப் புரட்டினால் தேள்தான் வந்தது. இவர் தினமும் வானத்தைப் பார்ப்பார். மழை வரட்டும், மழை வரட்டும் என்பார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். இடுப்பில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கத்தினேன், அழுதேன், சோறு போடாமல் இருந்தேன். ஆனால் மழை பெய்தபோது கூடையை எடுத்துக்கொண்டு அவரோடு போய் நத்தை பொறுக்கியவளும் நான்தான். அதே தொட்டியில் புது மண் போட்டேன். இரண்டு வாரம் தீனி போட்டேன். நாள்காட்டியில் மறுபடி ஒன்றிலிருந்து கோடு போட்டேன்.

இரண்டாவது மண்டலத்தின் பத்தொன்பதாம் நாள் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். தோட்டத்து வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் பாதி ரத்தம்தான் இருக்கிறது என்றார்கள். இரண்டு பொட்டலம் ரத்தம் ஏற்றினார்கள். அப்புறம் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதே பெண் டாக்டர்தான் நின்றாள். இவர் குனிந்து நிற்க வேண்டியிருக்கவில்லை, மயக்கத்தில் படுத்திருந்தார், பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

மூலம் இல்லை. கட்டி. கெட்ட கட்டி. குடலில் ஒரு சாண் அறுத்து எடுக்க வேண்டும் என்றாள். மலம் போவதற்கு வயிற்றில் பை வைக்க வேண்டும், ஈரலிலும் ஏதோ நிழல் தெரிகிறது, இன்னும் பார்க்க வேண்டும்.

"நாங்க முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றாள். "ஆனா இந்த அஞ்சு மாசம் முக்கியமான அஞ்சு மாசம்தான்."

வெளியே நீள நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். தகரம் அடித்த நாளிலிருந்து நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டர் சொன்னதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னேன். நின்றுகொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஒப்பாரி வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நான் வேணும்னுதான் போட்டேன் அண்ணி" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"உப்ப. உப்பு பட்டா என்னாகும்னு எனக்குத் தெரியாதா? நர்சரில வெசம் தீர்ந்துபோனா நாங்க உப்புதான் போடுவோம். டிராக்டர் சீட்டுல ரத்தத்த நானே பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணான்னு கால்ல விழாத கொறை. நத்தை சாப்பிடறேன்லா, சரியாயிரும்னாரு. நத்தை இல்லன்னா வேற வழியில்லாம போவாருன்னு நெனச்சேன். சும்மா கொட்டினா விடமாட்டாருன்னு திருஷ்டின்னு சொல்லிட்டுக் கொட்டினேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உங்ககிட்டயா? நீங்கதான வளர்த்தீங்க? நீங்கதான ஆக்கிப் போட்டீங்க? படிச்சவங்க, டீச்சரு, நீங்களே அதுக்குத் தொணை போறீங்கன்னு நான் ஒங்க மேல எவ்வளவு வெறுப்புல இருந்தேன் தெரியுமா?"

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் நான் அவள் பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேரத்தைச் சொன்னேன். நாற்பத்தெட்டு நாள் முடிந்ததும் வருவதாக அவர் சத்தியம் செய்ததைச் சொன்னேன். நாள்கூட வாங்கி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"இன்னும் ஏழு நாள்தான் இருந்துச்சு" என்றேன்.

அவளுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். வலித்தது. முகம் அப்படியே வெளுத்து, வாய் லேசாகத் திறந்து, திரும்ப மூடவில்லை. அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது, ஒரு நிமிசம். அப்புறம் அவள் கேட்டாள்.

"நீங்க ஏன் என்கிட்டச் சொல்லல?"

அவர் சொல்லக் கூடாது என்று சொன்னார் என்று பதில் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. அவர் எத்தனையோ சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொல்லப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம். என் ஜெயத்தில் அவளுக்கு ஒரு துளிகூடப் பங்கு போகக் கூடாது என்று இருந்தேன். இருபது அடி தள்ளி ஒருத்தி, என்னைப் போலவே அந்த மனுசனின் துணியையும் நடையையும் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒரு தடவை தண்ணீர்க் குழாயடியில் நின்று ரத்தம் என்ற ஒரு வார்த்தையை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைத் தூக்கிக் காரில் போட்டிருப்போம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வயிற்றில் பை இருக்கிறது. மாதம் இரண்டு தடவை மருந்து ஏற்றப் போகிறோம். இப்போது எந்த டாக்டர் முன்னாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார், கூச்சமே இல்லை. ஈரலில் நிழல் என்று சொன்னது நிழல் இல்லை, அதுவும் கட்டிதான் என்று ஆகிவிட்டது. அதற்கும் சேர்த்துத்தான் மருந்து. எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தொட்டியை வெட்டிப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டேன், அவன் பிளாஸ்டிக் வேண்டாம் என்றான், சும்மாவே எடுத்துப் போ என்றேன். சட்டியையும் கொடுத்தேன்.

தகரத்தைக் கழற்றவில்லை. அவளும் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. காலை ஏழு மணிக்குத் தகரத்துக்கு மேலே ஒரு தூக்குவாளி வரும். கஞ்சி. அவருக்கு அவள் வைக்கிற கஞ்சிதான் இறங்குகிறது, நான் வைத்தால் இரண்டு வாயோடு சரி. அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாளியை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. சாயங்காலம் கழுவித் தகரத்துக்கு மேலே வைப்பேன், ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும்.

வந்த பாத்திரத்தை எங்கள் பக்கத்தில் வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி அரிசியோ சீனியோ போட்டுத் தருவார்கள். உப்பு மட்டும் போட மாட்டார்கள். உப்பைக் கைமாற்றினால் சண்டை வரும் என்பார்கள். மருந்து ஏற்றி வந்த ஒரு நாள், அவர் இரண்டு மணி நேரம் வாந்தியெடுத்துவிட்டுக் குழந்தை மாதிரிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் அந்த வாளியைக் கழுவித் துடைத்து, அதில் ஒரு பிடி கல் உப்பைப் போட்டு மூடித் தகரத்தின் மேல் வைத்தேன். சமாதானத்துக்கு இல்லை. அவள் அதை ஒரு நாள்கூட மறந்துவிடக் கூடாது என்று.

மறுநாள் காலையில் கஞ்சி வந்தது. வாளியின் மூடியைக் கவிழ்த்து, அதில் ஒரு தாளில் மடித்து, அந்த உப்பை வைத்திருந்தாள். ஒரு கல் குறையாமல் அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கமும் யாரோ நகராமல் நிற்பது தெரிந்தது. உள்ளே இருந்து அவர் கஞ்சி வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். உப்பைக் கொண்டுபோய் அடுப்படி ஜாடியில் கொட்டினேன். அன்றைக்கு ரசத்துக்கு அதைத்தான் எடுத்துப் போட்டேன்.